மூன்று மிதியும் இரண்டு மிதியும்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் கேட்டு நான் மழுப்புவதைவிட அது நல்லது.

1954-இல் நான் அம்பகரத்தூருக்கு மேற்கே இந்திய எல்லைச் சாவடியில் குமாஸ்தா. சாலையின் குறுக்கே ஒரு மூங்கில் தடி. தடிக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்களின் காரைக்கால், மேற்கே இந்தியா. மாசி மாதம் ஒரு சாயங்காலம், கூரையில்லாத பச்சைக் கார் ஒன்று, இரண்டே இருக்கை உள்ளது, தடிக்குப் பத்து கஜம் முன்னால் வந்து, இரண்டு முறை குலுங்கி, நின்றுபோனது. ஓட்டும் இருக்கையில் வெள்ளைச் சட்டையும் கறுப்புத் தொப்பியும் அணிந்த மரைக்காயர் ஒருவர். பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட டிரைவர்.

டிரைவர் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினார். அது எழுந்து நின்று வண்டிக்குள் இருந்தவரை எங்கள் பார்வையிலிருந்து மறைத்தது. கால் மணி நேரம் என்ஜினைப் பார்த்தபடி நின்றார். கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். எதையும் தொடவில்லை.

"என்னங்க பழுது?" என்று கேட்டேன்.

"ஒன்னுமில்லீங்க. சூடாயிருச்சு" என்றார், என்னைப் பார்க்காமல்.

பானெட்டை இறக்கியபோது மரைக்காயர் பக்கத்து இருக்கைக்கு மாறியிருந்தார். டிரைவர் ஏறி, ஒரே முயற்சியில் வண்டியைக் கிளப்பித் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மனிதன் இருக்கை மாறுவதை இன்னொருவன் ஏன் ஊர் கண்ணிலிருந்து மறைக்க வேண்டும்? நான் பார்த்தது இவ்வளவுதான். மீதி, நாலு வருஷம் கழித்து அந்த டிரைவர் எனக்குச் சொன்னது. அவர் சொல்லாத இடங்களில் நானே இட்டுக்கட்டியது. எது எது என்று அங்கங்கே அடைப்புக்குறிக்குள் ஒப்புக்கொள்வேன்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

முதலாவது: "நீலக்கடலின் மடியில் குழந்தைபோல் உறங்கிய அந்தக் கப்பல்—"

வேண்டாம். கப்பல் யார் மடியிலும் இல்லை. கரைக்கு இரண்டு மைல் தள்ளி நங்கூரம் போட்டிருந்தது. அதிலிருந்து சலங்கு என்கிற பெரிய சரக்குப் படகில் இரண்டு கார்களை இறக்கிக் கொண்டுவந்தார்கள். குழந்தை எதுவும் உறங்கவில்லை. எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது: "மனிதன் எந்திரத்தை ஆள்கிறானா, அல்லது எந்திரம் மனிதனை—"

இதைப் பத்திரிகைக்காரர்கள் விரும்புவார்கள். நான் விரும்பவில்லை.

மூன்றாவதுதான் சரி. அப்துல் லத்தீப் மரைக்காயருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. இருபது வருஷம் சைகோனில் ஜவுளி வியாபாரம். அங்கே வார விடுமுறைகளில் தலாத் மலைக்குக் கார் ஓட்டிப்போவது அவருக்குப் பழக்கம். மலைவளைவுகளில் அவரைப் போலக் கியர் மாற்ற ஆள் இல்லை என்று பிரெஞ்சுக்காரர்களே சொல்வார்களாம். 1948-இல் அந்தச் சாலையில் லாரி ஒன்று கவிழ்ந்து அவருடைய இடது கால் அடியில் சிக்கிக்கொண்டது. அதன் பிறகு முழங்கால் மடங்கவில்லை. மறு வருஷம் காரைக்காலுக்குத் திரும்பிவிட்டார். கேட்டவர்களிடம் "வாதம்" என்று மட்டும் சொன்னார். வண்டி ஓட்டுவதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "அதுக்குத்தான் டிரைவர் இருக்காரே" என்பார்.

அந்த டிரைவர் பஞ்சநாதன். திருநள்ளாற்றுப் பக்கம். வீட்டிலிருந்த பழைய பெரிய காரை ஐந்து வருஷமாக ஓட்டியவர். மரைக்காயர் இறங்கும் போதெல்லாம் சுற்றிவந்து கதவருகே நின்று, தன் உடம்பாலேயே ஒரு மறைப்புப் போட்டுவிடுவார். இறங்குகிறவர் அந்தக் காலைக் கையால் தூக்கி வெளியே வைப்பதை ஊர் பார்த்ததில்லை. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதுமில்லை.

பழைய காரை விற்றுவிட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதென்று மரைக்காயர் முடிவுசெய்தார். ஏன் என்று கேட்காதீர்கள். நாற்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் ஏன் ஸ்போர்ட்ஸ் கார் கேட்கிறான் என்று புரிந்துகொள்ள நான் நாற்பத்திரண்டு வயது வரைக்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பாண்டிச்சேரி இறக்குமதிக் கம்பெனி ஒன்றின் ஏஜென்ட் தங்கையன் இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்தார். கப்பல் எட்டு நாள் கழித்துத் திரும்பும். ஒன்றை வைத்துக்கொள்ளலாம், மற்றது அதே கப்பலில் போய்விடும்.

பச்சை வண்டி கியர் வண்டி. மூன்று மிதி. வெள்ளை வண்டி அப்போதுதான் அமெரிக்காவில் வந்த ஆட்டோமேட்டிக். இரண்டே மிதி, ஒன்று போக, ஒன்று நிற்க.

3

(எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்தப் பகுதிக்காக நாகப்பட்டினத்தில் ஒரு மெக்கானிக்கின் கடையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தேன். தெரிந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.)

கியர் வண்டியில் மூன்றாவது மிதி கிளச்சு. அது இடது காலின் வேலை. ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் இடது முழங்காலை மடக்கி, முழுசாக மிதித்து, பிறகு மெதுவாக விட வேண்டும். சட்டென்று விட்டால் வண்டி துள்ளி நின்றுவிடும். நிறுத்தும்போதும் மிதிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் இடது காலுக்கு வேலையே இல்லை. அது சும்மா கிடக்கலாம்.

இதைக் கேட்டதும் உங்களுக்கு விடை தெரிந்துவிட்டது. மரைக்காயருக்கு வெள்ளை வண்டி. கதை முடிந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பேனாவை மூடிக்கூட வைத்துவிட்டேன்.

ஆனால் வெள்ளையை எடுத்தால், அந்தக் காலைப் பற்றி ஆறு வருஷமாகச் சொல்லாததை அவர் ஊருக்கே சொல்வதாக ஆகிவிடும். கியர் இல்லாத வண்டியைக் கியர் மன்னன் ஏன் வாங்கினான் என்று கேட்க காரைக்காலில் ஆளா இல்லை?

பஞ்சநாதனையும் பாருங்கள். வெள்ளை வந்தால் முதலாளியே ஓட்டிக்கொள்வார், டிரைவர் வேண்டாம். பச்சை வந்தால், முதலாளி நாலு நாள் முயன்றுவிட்டுப் பக்கத்து இருக்கைக்குப் போய்விடுவார். ஆயுசுக்கும் பஞ்சநாதனே ஓட்டலாம்.

அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு மரைக்காயர் சொன்னார்: "பஞ்சநாதா, ரெண்டையும் ஓட்டிப் பாரு. எது எடுக்கலாம்னு நீ சொல்லு. நீ சொல்றதுதான்."

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த வண்டிகள் போவதற்கு ஊரே இல்லை. கடற்கரையிலிருந்து என் மூங்கில் தடி வரைக்கும் ஏழு எட்டு மைல். வடக்கேயும் தெற்கேயும் அதே கதை. அதற்குமேல் போக எங்கள் அனுமதி வேண்டும்; அனுமதி கிடையாது. நாலாவது கியர் போட்டால் இந்தியா வந்துவிடும். உலகத்தின் அதிவேக வண்டிகளில் இரண்டு, மாட்டு வண்டிக்குப் போதுமான தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

4

முதல் மூன்று நாள் பச்சை. ஊர் எல்லை தாண்டும்வரை பஞ்சநாதன் ஓட்டுவார். வயல்வெளி வந்ததும் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். மரைக்காயர் இடது தொடையைக் கையால் தூக்கி, காலைக் கட்டைபோலக் கிளச்சின் மேல் இறக்குவார். அமுங்கும். விடுவதுதான் வராது. வண்டி துள்ளும். சாவடியில் நான் பார்த்தது முதல் நாள் கூத்து.

மூன்றாம் நாள் திருநள்ளாற்றுக்கு அப்பால் ஒரு வாய்க்கால் மதகு. அறுவடை முடிந்த காலம். வைக்கோல் வண்டி ஒன்று மதகின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. மரைக்காயர் வேகத்தைக் குறைக்கப் போனார். கிளச்சின் மேலிருந்த கால் நழுவி, பிரேக்குக்குப் போன வலது காலின்மேல் குறுக்கே விழுந்தது. தூக்க ஒரு கை கீழே போயிற்று. வண்டி வைக்கோலை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.

பஞ்சநாதன் கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்தார். வண்டி பக்கவாட்டில் சறுக்கி, மதகுச் சுவருக்கு ஒரு முழம் விட்டு நின்றது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.



"கியர் மாட்டிக்கிச்சு" என்றார் மரைக்காயர்.

"ஆமாங்க மொதலாளி. புது வண்டி. இறுக்கமா இருக்கு" என்றார் பஞ்சநாதன்.

இங்கே எனக்கு இந்த மனிதர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவர் ஏன் பொய் சொன்னார்? முதலாளியின் மனசு நோகக்கூடாது என்றா? அல்லது பச்சை வண்டியே வரட்டும், வேலை நிலைக்கட்டும் என்றா? முதல் பிரதியில் அவரை நல்லவராக எழுதினேன். சர்க்கரைப் பொங்கல் மாதிரி இருந்தது. இரண்டாவதில் தந்திரக்காரராக எழுதினேன். "பஞ்சநாதனின் கண்கள் நரியின்—" என்று ஒரு வாக்கியம் அரையில் நின்றிருக்கிறது. நான் பார்த்த கண்கள் நரியின் கண்கள் அல்ல.

கடைசியில் அவரையே கேட்டேன். "அப்ப ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"எனக்கே தெரியலீங்க. வாயில அதான் வந்துச்சு" என்றார்.

அதையே வைத்துக்கொள்கிறேன்.

5

நாலாம் நாள் வெள்ளை.

அந்தச் சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளை வண்டி சத்தமே இல்லாமல் தடிவரை வந்து, ஒரு அரைவட்டம் போட்டுத் திரும்பியது. அரை மணியில் மறுபடி வந்தது. பிறகு மூன்றாம் முறையும் வந்தது. மரைக்காயர்தான் ஓட்டினார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். என்னைப் பார்த்து, "இன்னும் கொஞ்ச தூரம் விடமாட்டீங்களா தம்பி?" என்றார்.

"வண்டிக்கு அனுமதி இல்லீங்களே."

"சட்டம்னா சரிதான்" என்று சிரித்தார். சட்டத்தைப் பார்த்து ஒருவர் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்ததை நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் அவரே சொன்னாராம்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வண்டியில்ல பஞ்சநாதா, ஊஞ்சல். பச்சையத்தான் எடுக்கப் போறேன்."



அடுத்த நாள் காலை, மரைக்காயரின் மனைவி ஆஸியா பீவி, உள்கதவுத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து டிரைவரைக் கூப்பிட்டார். (இந்தப் பேச்சு நடந்தது உண்மை. சொற்கள் பாதி என்னுடையவை. அந்த வீட்டுக்குள் நான் போனதில்லை.)

"மதகுல என்னமோ ஆச்சாமே. கியர் மாட்டிக்கிச்சுன்னு சொல்றாங்க. கியர் மாட்டுச்சா, கால் மாட்டுச்சா?"

பஞ்சநாதன் திரையின் கீழ்விளிம்பைப் பார்த்தார்.

"சொல்லுங்க. ராத்திரி தூக்கத்துல கையால கால இழுக்குறாங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கால்தாங்க."

"பச்சைய எடுத்தா?"

"நான் பக்கத்துல இருக்கிற வரைக்கும் பயமில்லீங்க."

"இல்லாத அன்னைக்கு?"

பஞ்சநாதன் தலையைக் குனிந்துகொண்டார். திரைக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"நான் சொன்னா கேக்க மாட்டாங்க. ஒங்களத்தானே கேட்டிருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

6

எட்டாம் நாள். துறைமுகத்தில் சலங்கு தயாராக நின்றது. தங்கையன் இருந்தார். மரைக்காயருக்குப் பழக்கமான வியாபாரிகள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். இரண்டு வண்டிகளும் மணலை ஒட்டிப் பக்கத்தில் பக்கத்தில்.

"என்ன மரைக்காயரே, எது திரும்பிப் போகுது?" என்றார் தங்கையன்.

மரைக்காயர் பஞ்சநாதனைக் காட்டினார். "அஞ்சு வருஷமா என் வண்டிய ஓட்டுறவன். அவன் சொல்றதுதான்." அவர் எதிர்பார்த்தது "பச்சை" என்ற ஒரு சொல். அது டிரைவருக்கும் லாபம், தனக்கும் கௌரவம். அதனால்தான் அத்தனை பேர் முன்னால் கேட்டார்.

பஞ்சநாதன் ஒரு தரம் பச்சை வண்டியைப் பார்த்தார்.

"வெள்ளையே எடுத்துக்குங்க மொதலாளி. பச்சை எனக்கு வரமாட்டேங்குது."

"வரலையா?"

"கியர் மாத்த வரலீங்க. எட்டு நாளாப் பாக்குறேன், கால் சரியா விழ மாட்டேங்குது. அன்னைக்கு மதகுல மாட்டுனதும் என்னாலதான். அதை வாங்குனா யாரையாச்சும் கொன்னுருவேன்."

தங்கையன் சிரித்துவிட்டார். "டிரைவருக்கே கியர் வரலையா?" வியாபாரிகளும் சிரித்தார்கள்.

(பழைய பிரதியில் இந்த இடத்தில் மரைக்காயர் கண்கலங்கி டிரைவரைக் கட்டிக்கொள்கிறார். ஒரு பக்கம் முழுக்கக் கட்டிக்கொள்கிறார். கிழித்துவிட்டேன்.)

நடந்தது இதுதான். மரைக்காயர் டிரைவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சரி. வெள்ளை" என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டு சொற்களோடு அவரை விட்டுவிட எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஒருவன் தன் பெயரைக் கழற்றிக் கொடுக்கும்போது வாங்கிக்கொள்கிறவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிறகு யோசித்தேன்: அந்த நிமிஷத்தில், அத்தனை சிரிப்புக்கு நடுவில், நான் என்ன சொல்லியிருப்பேன்? நானும் "சரி. வெள்ளை" என்றுதான் சொல்லியிருப்பேன்.

7

மரைக்காயர் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. "நீ பாட்டுக்கு இரு" என்றார். பஞ்சநாதன் இரண்டு வாரம் வெள்ளை வண்டியைத் துடைத்தார். சாயங்காலம் பக்கத்து இருக்கையில் கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சாவடியில் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார். மூன்றாவது வாரம் அவராகவே நின்றுகொண்டார். அதன் பிறகு மரைக்காயர் தனியாக வந்து திரும்பினார்.

வேறு வேலை கிடைக்கவில்லை. தங்கையன் பாண்டிச்சேரி திரும்புவதற்குள் கதையை டீக்கடை டீக்கடையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். திருநள்ளாற்றுக்குப் பஸ் விடும் செல்லையனிடம் பஞ்சநாதன் போய் நின்றார்.

"கியரே போட வரலைன்னு நீயே சொன்னியாமே" என்றார் செல்லையன். "சனிக்கிழமை வந்தா என் வண்டியில அம்பது சனம் தொத்திக்கிட்டுப் போகுது. எப்படிய்யா குடுக்கிறது?"

பஞ்சநாதன் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் முதலாளியின் காலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். ஒரு மாதம் நெல் மூட்டை சுமந்தார். அவர் மனைவி பங்கஜவல்லிதான் ஒருநாள் ஆஸியா பீவியிடம் போய், "கியர் வராத ஆளு அஞ்சு வருஷம் எப்படிங்கம்மா ஒங்க வண்டிய ஓட்டுனாரு?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

அன்று ஆஸியா பீவி கணவரிடம் சொன்னது. (இதுவும் பாதி என்னுடையது. எந்தப் பாதி என்று சொல்லமாட்டேன்.)

"ஒங்க காலை அவரு வாங்கித் தன் காலாப் போட்டுக்கிட்டு அலையிறாரு. திருப்பி வாங்கிக்குங்க. அது ஹக்கு, அவருக்கு நாம குடுக்க வேண்டிய கடன்."

8

முடிவுக்கு வந்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்த நேரம். செல்லையனின் பஸ் கொட்டகை. கண்டக்டர்கள், திருநள்ளாறு போகக் காத்திருந்தவர்கள், அன்றைக்கும் வேலை கேட்டு வந்து நின்ற பஞ்சநாதன். வெள்ளை வண்டி வந்து வாசலில் நின்றது.

பஞ்சநாதன் பழக்கத்தில் கதவருகே ஓடினார். மரைக்காயர் கையைக் காட்டி, "தள்ளி நில்லு" என்றார்.

கதவை அவரே திறந்தார். வலது காலை ஊன்றினார். இடது தொடைக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து, காலைப் பலகையைப்போல் தூக்கி, வெளியே வைத்தார். கதவைப் பிடித்து எழுந்தார். மறைப்பதற்கு யாரும் இல்லை. கொட்டகை முழுதும் பார்த்தது. விந்தி விந்தி நடந்து செல்லையன் முன்னால் போனார். செல்லையன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

செல்லையன் அதைக் கேட்டுவிட்டு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துப் பஞ்சநாதனிடம் கொடுத்தார். இன்றைக்கும் அந்த பஸ்ஸை அவர்தான் ஓட்டுகிறார். காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்து, மூங்கில் தடியை எடுத்தாகிவிட்டது. எங்களை வேறு இடம் மாற்றிவிட்டார்கள். இந்த வருஷம் தை மாதம் அதே பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்துதான் இந்தக் கதையைக் கேட்டேன்.

அந்த வாக்கியம் என்ன என்று கேட்டேன்.

பஞ்சநாதன் கியரை மாற்றிக்கொண்டே, "அது அவரு எனக்குக் குடுத்ததுங்க. ஒங்களுக்கு எப்படிக் குடுக்கிறது?" என்றார்.

அன்று கொட்டகையில் இருந்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்தேன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். நானே எழுதிப் பார்த்தேன். "என் டிரைவர்மேல் பிழையில்லை" என்று ஒன்று. அது கோர்ட்டுப் பேச்சு. "அவன் கால் நல்ல கால், என் கால்தான்—" என்று ஒன்று. அழுகை வரும்போல இருந்ததால் நிறுத்திவிட்டேன். இன்னும் இரண்டு உண்டு. அவற்றை உங்களுக்குக் காட்டப்போவதில்லை. மற்றதெல்லாம் எழுதத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. ஆறு வருஷம் மறைத்ததை ஒருவர் ஊர் நடுவில் எடுத்து வைக்கும்போது வருகிற சொல், மறைக்க ஒன்றுமில்லாதவன் பேனாவில் வராதுபோலிருக்கிறது.

உங்களில் யாருக்காவது வரும். இடம் விட்டிருக்கிறேன்.

அப்துல் லத்தீப் மரைக்காயர் சொன்னார்: "........................................"

நீளமாக எழுத வேண்டாம். அவர் நின்றுகொண்டே பேசினார்.